ஜிஜூன்: சிறுபிள்ளையா, வெறும் வயிறா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் ஆங்கிலச் சொல் விளக்கப் பகுதியைத் தவறாமல் படித்துவரும் வாசகன் நான். அதிகம் புழங்காத சொற்களைத் தேடியெடுத்து நான்கு வரிகளில் விளக்குவது எளிய வேலையன்று என்பதை, மொழிபெயர்ப்பே பிழைப்பாக முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் நன்கு அறிவேன். ஆயினும் சென்ற வாரம் 'ஜிஜூன்' என்ற பெயரடைக்குத் தரப்பட்ட விளக்கத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'சிறுபிள்ளைத்தனமான, முதிர்ச்சியற்ற' என்ற ஒரே பொருளைக் கொடுத்து, 'இளமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது' என்று அதன் பிறப்பையும் அப்பகுதி கூறியிருந்தது. இவற்றுள் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பிழை. அந்தப் பாதி உண்மை எப்படி உருவாயிற்று என்பதை இந்தப் பிழையே விளக்குவதால் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

பிறர் தவறைச் சுட்டுமுன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இதே சொல்லிடம் நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஆங்கில மதிப்புரைகளின் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். எழுபது வயதைக் கடந்த அறிஞர் ஒருவர், வாழ்நாள் முழுவதும் திரட்டிய குறிப்புகளைக் கொண்டு எழுதிய பெரிய வரலாற்று நூலைப் பற்றிய மதிப்புரை அது. அந்நூலை 'ஜிஜூன்' என்று மதிப்புரையாளர் குறிப்பிட்டிருந்தார். எனக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு. எனவே அகராதியைத் திறக்காமலேயே 'சிறுபிள்ளைத்தனமான நூல்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். புரூஃப் பார்த்த பெரியவர் ஆங்கிலத்தில் புலமை உள்ளவர் அல்லர். ஆனால் படிப்பது பொருளாகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எழுபது வயசுக்காரர், நூலகமே கதின்னு கிடந்து எழுதினார்னு மேல் பத்தியில சொல்றீங்க. கீழ் பத்தியில அவரைச் சின்னப்பிள்ளை ஆக்கிட்டீங்க. நான் எதை நம்புறது?" என்று கேட்டார்.

மூலத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு அடுத்த வாக்கியமே, ஆண்டுகளும் பெயர்களும் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருக்க, அந்த ஆண்டுகளில் வாழ்ந்த மனிதர்களின் மூச்சு எங்குமே கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தது. மதிப்புரையாளர் சொல்ல வந்தது நூல் சத்தற்று, சாரமற்று, படிப்பவர் மனத்துக்குத் தீனி போடாமல் இருக்கிறது என்பதே. அகராதியைத் திறந்தபோது அந்தப் பொருள் முன்னாலேயே நின்றது. நான் எழுதிய பொருள் கடைசியில் கிடந்தது. பெரியவர் கேட்டிருக்காவிட்டால் அந்த முதிய அறிஞரை நான் தமிழில் குழந்தையாக்கியிருப்பேன்.

அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆங்கிலத்தில் ஜே, ஈ, ஜே, யு, என், ஈ என்ற ஆறு எழுத்துகளால் எழுதப்படும் இது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் மூலம் 'யேயூனுஸ்'. அதன் நேர்ப்பொருள் 'உண்ணாதிருக்கிற, வெறும் வயிற்றோடு இருக்கிற' என்பது. வயிற்றைக் குறித்த சொல்லைப் பிறவற்றுக்கும் நீட்டியவர்கள் ஆங்கிலேயர் அல்லர், ரோமானியரே. விர்ஜில் வேளாண்மையைப் பாடும்போது சரிவு நிலத்துச் சரளை மண்ணுக்கு இந்த அடைமொழியைக் கொடுக்கிறார். பயிருக்கு ஊட்ட ஒன்றுமில்லாத மண் என்பது கருத்து. சிசரோ சொற்பொழிவுக் கலையை ஆராயும்போது, அலங்காரத்தை விலக்குகிறேன் என்று புறப்பட்டு எலும்பும் தோலுமாகிவிட்ட நடையை இதே சொற்குடும்பத்தால் குறிக்கிறார். ஆக, பட்டினி கிடக்கும் வயிறு, சத்துச் செத்த மண், உயிரற்ற பேச்சு என்ற மூன்றும் லத்தீனிலேயே ஒரே சொல்லில் வந்து கூடிவிட்டன. ஆங்கிலம் அவற்றை அப்படியே வாங்கிக்கொண்டது.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லுக்கு வெறுமையானது, பசித்தது, வறண்டது என்ற போக்கில்தான் பொருள்கள் உள்ளன. பிரான்சிஸ் பேக்கன் பொன்னைப் பற்றி எழுதியதை அவர் அங்கே மேற்கோள் காட்டுகிறார். பொன் அதிகத் தொல்லையின்றி உருகுகிறது, ஆகவே அது உள்ளே சத்துக் குன்றிய பொருள் அன்று என்பது பேக்கனின் வாதம். உலோகத்தைக் கூட 'பசித்தது, பசிக்காதது' என்று பிரித்துப் பேசியிருக்கிறார்கள். குழந்தைத்தனம் என்ற பொருளின் சாயலைக் கூட அந்த அகராதியில் காண முடியாது.

மருத்துவம் படித்தவர்கள் இந்நேரம் இச்சொல்லின் உறவை அடையாளம் கண்டிருப்பார்கள். நம் சிறுகுடலின் நடுப்பகுதியின் பெயர் 'ஜெஜூனம்'. ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளமுள்ள இந்தப் பகுதி, இறந்த உடலை அறுத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் காலியாகவே காணப்பட்டதால் பழங்கால மருத்துவர்கள் அதற்குப் 'பட்டினிக் குடல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'நேஸ்டிஸ்', லத்தீனில் 'ஜெஜூனம்'. (அதற்கு முன்னால் இருக்கும் 'டியோடினம்' என்பதன் பொருள் வெறும் 'பன்னிரண்டு'. பன்னிரண்டு விரற்கிடை நீளம் என்று அளந்து அப்படியே பெயராக்கிவிட்டார்கள். அவ்விடத்தில் புண் வந்து அவதிப்படுபவர்களுக்கும் தாங்கள் ஓர் எண்ணைச் சொல்கிறோம் என்பது தெரியாது.)

இதைவிட நெருங்கிய உறவு ஒன்று நாள்தோறும் நம் வாயில் புழங்குகிறது. 'டின்னர்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். லத்தீனில் பட்டினியைக் குறிக்கும் சொல்லுக்கு முன் முறித்தலைக் குறிக்கும் முன்னொட்டைச் சேர்த்து, 'பட்டினியை முறித்தல்' என்ற பொருளில் ஒரு வினையை உண்டாக்கினார்கள். அது பேச்சில் தேய்ந்து தேய்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'டைன்' என்றும் 'டின்னர்' என்றும் ஆயிற்று. ஸ்பானிய மொழியில் காலை உணவுக்குப் பெயரான 'தெசாயூனோ'வும் இப்படி அமைந்ததே. லத்தீனை அறியாத பழைய ஆங்கிலேயர் தம் சொற்களையே கொண்டு 'பிரேக்ஃபாஸ்ட்' என்று அமைத்ததும் இதே எண்ணத்தில்தான். உண்பதை 'பசியாறுதல்' என்று சொல்லும் நமக்கு இது புரியாத போக்கு அன்று. எவரும் அறிந்த 'டின்னர்' உண்டு நிறைந்திருக்க, அதன் உடன்பிறப்பான 'ஜிஜூன்' மட்டும் அகராதியின் மூலையில் இன்னும் பசியோடு உட்கார்ந்திருக்கிறது.

இப்போது பிழை பிறந்த இடத்துக்கு வருகிறேன். 'ஜிஜூன்' என்பதன் ஆறு எழுத்துகளில் நடுவிலுள்ள ஜே ஒன்றை உருவிவிட்டால் மிஞ்சுவது ஐந்து எழுத்துகளாலான பிரெஞ்சுச் சொல். அதற்கு 'இளைய' என்று பொருள். அது 'யுவெனிஸ்' என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பட்டினிக்கும் அதற்கும் பிறப்பில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. போதாக்குறைக்கு 'ஜுவெனைல்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஓசையும் பக்கத்தில் நின்று தூண்டுகிறது. அரிய சொல்லொன்றை முதன்முறை சந்திக்கும் வாசகர் அகராதியைத் தேடுவதில்லை. தெரிந்த சொல்லொன்றின் முகச்சாயலை அதில் தேடுகிறார், கிடைத்ததும் நின்றுவிடுகிறார். இந்தத் தோற்றமயக்கத்தைப் பிரெஞ்சுக்காரரே தம் மொழியிலும் சுமக்கிறார்கள். 'இளைய' என்ற அந்தச் சொல்லின் யு எழுத்துக்கு மேல் சிறு கூரை போன்ற குறியொன்றை இட்டால் அது 'நோன்பு' ஆகிவிடும். நம் சொல்லின் உண்மையான பிரெஞ்சு உறவு அந்தக் கூரை போட்ட சொல்தான். சொல் விளக்கப் பகுதி தவறவிட்டது அந்தச் சிறு கூரையை.

குழந்தைத்தனம் என்ற பொருளுக்குச் சான்று தேடுபவர்கள் வழக்கமாகச் சுட்டும் இடம், பெர்னார்ட் ஷாவின் 'ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்' நாடகம். 1894இல் மேடையேறி 1898இல் நூலாக அச்சேறிய அந்நாடகத்தில், செர்ஜியஸ் என்ற படைவீரனை அறிமுகப்படுத்தும் குறிப்பில், தன் இலட்சியங்கள் மீது அவன் வைத்திருக்கும் எளிய நம்பிக்கைக்கு ஷா இந்த அடைமொழியைக் கொடுக்கிறார். அந்த இடத்தில் 'சிறுபிள்ளைத்தனமான நம்பிக்கை' என்று வைத்தாலும் பொருந்துகிறது, 'உள்ளீடற்ற நம்பிக்கை' என்று வைத்தாலும் பொருந்துகிறது. ஷா எதை நினைத்தார் என்பதைவிட, இப்படி இரண்டும் பொருந்துகிற இடங்களே ஒரு சொல் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு நழுவும் வழி என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அனுபவம் என்ற ஊட்டம் கிடைக்காத மனத்தில் எழும் கருத்து சத்தற்றதாகவும் இருக்கும், இளம்பிள்ளைத்தனமாகவும் இருக்கும். ஒரு தலைமுறை முதலாவதை நினைத்து எழுதியதை அடுத்த தலைமுறை இரண்டாவதாகப் படித்தது. இருபதாம் நூற்றாண்டில் நல்ல எழுத்தாளர்களும் அப்பொருளில் கையாண்டார்கள். அகராதிகளும் அதைப் பதிவு செய்துகொண்டன. மெரியம் வெப்ஸ்டர் அகராதி இன்று ஊட்டமற்ற, சுவையற்ற, சிறுபிள்ளைத்தனமான என்ற மூன்று பொருள்களையும் தருகிறது.

எனவே, புதிய பொருளை 'தவறு' என்று தள்ளிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் தகுதி தமிழ் எழுதுகிறவர்களுக்கு இருக்கிறதா என்பதும் ஐயமே. 'அருகாமை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அருகுதல் என்றால் குறைதல். அதன் எதிர்மறையான அருகாமை, இலக்கணப்படி 'குறையாமை' என்றுதான் பொருள்பட வேண்டும். 'அருகில்' என்பதன் ஓசை காதில் ஒலித்ததால் அது 'அண்மை' என்ற பொருளைப் பெற்றுவிட்டது. தமிழாசிரியர்கள் எத்தனை முறை சிவப்பு மையால் அடித்தாலும் அச்சிலிருந்து அதை விரட்ட முடியவில்லை. ஓசையைக் கேட்டு வேரைத் தவறாக ஊகிப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான். ஆனால் 'அருகாமை'க்கும் 'ஜிஜூனு'க்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'குறையாமை' என்ற பொருளில் 'அருகாமை' என்று இன்று எவரும் எழுதுவதில்லையாதலால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. 'ஜிஜூன்' விஷயத்தில் இரண்டு பொருளிலும் இன்றும் எழுதுகிறார்கள். ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்ட மாணவர், ஜிஆர்இ போன்ற தேர்வுகளில் 'சாரமற்ற' என்ற விடையும் 'பிள்ளைத்தனமான' என்ற விடையும் ஒரே கேள்வியில் வந்தால் வாக்கியத்தைப் படிக்காமலேயே பின்னதைக் குறித்துவிட்டு வருவார்.

வாக்கியத்தைப் படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நான் கையாளும் வழி எளியது. இங்கே எது குறைவு என்று குற்றம் சாட்டப்படுகிறது, சத்தா, வயதா என்று கேட்டுப்பார்ப்பேன். நடை, விரிவுரை, அறிக்கை, பாடநூல், மண், உணவு ஆகியவற்றுக்கு அடைமொழியாக வந்தால் பெரும்பாலும் சத்துதான் குறைவு. நகைச்சுவை, குறும்பு, சீற்றம், காதல் கடிதம், புரட்சி முழக்கம் ஆகியவற்றுக்கு வந்தால் வயதுதான் குறைவு என்று கொள்ளலாம். கருத்து, வாதம் ஆகிய இரண்டும்தான் தொல்லை தருபவை. அங்கே முன்னும் பின்னுமுள்ள வாக்கியங்களைப் பார்க்காமல் மொழிபெயர்க்கக் கூடாது. ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு பொருளும் உயிரோடிருக்கிற இந்நிலையில், எது என்று அடுத்த சொல்லே காட்டிக்கொடுக்காத இடத்தில் இதை ஆளாமல் இருப்பது நல்லது. அந்த இடத்துக்கு எளிய சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உள்ளன. தவிரவும், இச்சொல்லில் ஒரு மேட்டிமைத் தொனி உண்டு. பிறர் எழுத்தை 'ஜிஜூன்' என்று சொல்பவர், தாம் வயிறார உண்டு எழுந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறார். நட்பான கடிதத்தில் இதை எழுதினால் நட்பு மிஞ்சுமா என்பது சந்தேகம்.

தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் தங்கள் வாசகர்களுக்கு உண்மையில் பயன்படும் கேள்வி. இரண்டாவது பொருளுக்குச் 'சிறுபிள்ளைத்தனமான' என்பது போதும். அதில் மாற்றுக் கருத்தில்லை. முதற்பொருளுக்குச் 'சாரமற்ற' என்பது பொதுவாகப் பொருந்தும். மதிப்புரைகளில் 'உப்புச்சப்பற்ற' என்று எழுதினால் ஆங்கிலத்திலுள்ள நாக்கின் சுவையும் உடன் வந்துவிடுகிறது. சாறு பிழிந்தபின் மிஞ்சுவதைக் குறிக்கும் 'சக்கை'யையும் சிலர் ஆள்கிறார்கள். ஆனால் ஒருகாலத்தில் சாறு இருந்தது என்ற குறிப்பு அதில் ஒளிந்திருப்பதால் நான் தயங்குவேன். 'அரைவேக்காடு' இரு பொருளுக்கும் பாலமாகுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் உணவே இல்லை என்பது வேறு, உணவு சரியாக வேகவில்லை என்பது வேறு.

இவற்றையெல்லாம் புரட்டிப் பார்த்தபின் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றியது, நாம் கவனிக்காமலே நாள் முழுவதும் பயன்படுத்தும் 'வெறும்' என்ற சொல். 'வெறும் வயிறு' என்கிறோம், 'வெறுந்தரை' என்கிறோம், 'வெறும் பேச்சு' என்கிறோம். வயிறு, நிலம், பேச்சு என்று ரோமானியர் 'யேயூனுஸ்' சொல்லைக் கொண்டுசென்ற அதே மூன்று இடங்களுக்கும் தமிழ் 'வெறும்' என்பதைத் தானாகவே கொண்டுசென்றிருக்கிறது. அந்த மதிப்புரையில் இறுதியாக நான் எழுதியது 'தகவல் நிறைந்த, ஆனால் வெறுமையான நூல்' என்பது. புரூஃப் பெரியவர் பென்சில் கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கடைசியாக உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். அப்பகுதியில் 'ஜேஜுன்' என்று அச்சிட்டு முதல் அசையில் அழுத்தம் தர வேண்டும் என்று குறிக்கப்பட்டிருந்தது. முதல் அசையைக் குறுக்கி, இரண்டாம் அசையை நீட்டி அழுத்தி 'ஜிஜூன்' என்பதே ஆங்கில வழக்கு. அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுவதாயின், உச்சரிப்பையும் லத்தீன் மூலத்தையும் சேர்த்து, 'சாரமற்ற' என்ற பொருளை முதலிலும் 'சிறுபிள்ளைத்தனமான' என்பதை அடுத்தும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் தரப்பட்டிருந்த ஒரே எடுத்துக்காட்டு, மாணவர் ஒருவரின் விடையை ஆசிரியர் 'ஜிஜூன்' என்று சொல்வதாக அமைந்திருந்தது. விடையில் சரக்கு இல்லையா, விடை எழுதியவருக்குப் பக்குவம் இல்லையா என்பதை அந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்